கடல் கடந்து வந்த குளவி

சேலம், நாமக்கல் வட்டாரங்களில் குச்சிக்கிழங்கு என்றும், குமரி மாவட்டத்தில் மரச்சீனி என்றும் வழங்கும் மரவள்ளியை அறியாத உழவர் நம் மாநிலத்தில் இலர். நீர் குறைந்த மேட்டு நிலத்திலும் விளைந்து, ஜவ்வரிசி ஆலைகளுக்கும் மாவு ஆலைகளுக்கும் சென்று, குடும்பத்திற்குக் கைமுதல் சேர்த்துத் தரும் பயிர் அது. 2020ஆம் ஆண்டில் கேரளத்தின் திருச்சூர்ப் பகுதியில் இப்பயிரின் குருத்திலே புதியதொரு மாவுப்பூச்சி காணப்பட்டது. சிறிது காலத்திற்குள் அது தமிழ்நாட்டிலும் பரவி, குருத்துகளைச் சுருட்டி, செடிகளைக் குட்டையாக்கிற்று. எத்தனை முறை மருந்து தெளித்தும் பூச்சி மீண்டும் மீண்டும் வந்தது.

2022 மார்ச்சு மாதத்தில் சேலம் மாவட்டம் ஏத்தாப்பூரிலுள்ள மரவள்ளி, ஆமணக்கு ஆராய்ச்சி நிலையத்தில், எறும்பினும் சிறிய ஒரு குளவியினம் இம்மாவுப்பூச்சியின் மீது விடப்பட்டது. அக்குளவி ஆப்பிரிக்காக் கண்டத்தின் பெனின் நாட்டிலிருந்து நமக்கு வந்தது. பெனினுக்கும் அது சொந்தமன்று. அதன் தாயகம் தென் அமெரிக்காவிலுள்ள பராகுவே நாடு. மூன்று கண்டங்களைக் கடந்து அது நம் தோட்டத்தை அடைந்த வரலாற்றைப் பஞ்சாயத்து அங்கத்தினரும் உழவர்களும் அறிந்திருப்பது நலம். நாடுகள் தம்முள் கூடி நடத்தும் வேளாண்மை ஆராய்ச்சி என்பது யாது, அதனால் ஏழை உழவனுக்கு என்ன பயன் என்று வினவுவோர்க்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டைக் கூறுவது அரிது.

ஆப்பிரிக்காவில் நேர்ந்த இடர்

மரவள்ளி தென் அமெரிக்கப் பயிர். 16ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியர் அதனை ஆப்பிரிக்காவிற்குக் கொண்டு சென்றனர். அங்கே அது வேரூன்றி, நமக்கு நெல் எவ்வாறோ அவ்வாறு, பல நாடுகளில் அன்றாட உணவாயிற்று. கிழங்கை உண்பதோடு இலையையும் கீரையாகச் சமைப்பது காங்கோ முதலிய நாடுகளின் வழக்கம். மழை பொய்த்த ஆண்டிலும் மண்ணுக்குள் கிழங்கு இருக்கும்; வேண்டும்போது அகழ்ந்துகொள்ளலாம். ஆகவே பஞ்ச காலத்து வைப்புநிதி போல் மக்கள் அதனை நம்பியிருந்தனர். 1970களில் ஆப்பிரிக்காவில் ஏறத்தாழ 20 கோடி மக்களுக்கு மரவள்ளியே முதன்மையான உணவாக இருந்தது எனக் கணக்கிட்டுள்ளனர்.

முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாக இப்பயிர் அங்கே பெரும் பூச்சித் தொல்லையின்றி வாழ்ந்தது. பயிர் கடல் கடந்தபோது அதன் பகைப்பூச்சிகள் பல தாயகத்திலேயே தங்கிவிட்டமையே காரணம். 1973ஆம் ஆண்டில் இந்நிலை மாறிற்று. அந்நாளில் ஸையர் என்று பெயர் பூண்டிருந்த காங்கோவில், கின்ஷாசா நகரை அடுத்த பகுதியில், மரவள்ளிக் குருத்துகளில் வெண்மாவு படிந்த ஒரு பூச்சி தென்பட்டது. தென் அமெரிக்காவிலிருந்து யாரோ கொண்டுவந்த நடவுக் குச்சிகளோடு அது வந்திருக்க வேண்டும் என்பது அறிஞர் கருத்து. நல்ல இரகம் என்று ஆசையோடு எடுத்துவந்த ஒரு கட்டுக் குச்சியால் ஒரு கண்டமே துன்புற்றது எனலாம்.

இப்பூச்சியில் ஆண் இல்லை. பெண் மட்டுமே உண்டு. ஒவ்வொன்றும் நூற்றுக்கணக்கில் முட்டையிட்டுப் பெருகும். சிறகில்லாவிடினும் இளம் பூச்சிகளைக் காற்று அடித்துச் செல்லும். நடவுக் குச்சிகளோடு மனிதரும் அதனைச் சுமந்து சென்றனர். சில இடங்களில் அது ஆண்டுக்கு 300 கிலோமீட்டர் வரை பரவிற்று. 1979இல் நைஜீரியாவை அடைந்தது. தாக்குண்ட செடியின் கணுக்கள் நெருங்கி, குருத்து முட்டைக்கோசுபோல் திரண்டு, கோடையில் இலையெல்லாம் உதிர்ந்து, தண்டு மட்டும் மெழுகுவத்திபோல் நிற்கும். கிழங்கில் ஐந்தில் நான்கு பங்கு வரை இழப்பு நேர்ந்த வயல்களும் உண்டு. கீரையும் கிட்டாது. அடுத்த நடவிற்கு நல்ல குச்சியும் கிட்டாது. ஒரே பூச்சி இவ்வாறு மூவகையில் குடியானவனை வறியவனாக்கிற்று.

பூச்சிமருந்து தெளிக்கலாகாதோ எனின், அப்பூச்சியின் மேனியை மூடியுள்ள மெழுகுத்தூள் மருந்தை உட்புக விடாது. அது குருத்தின் மடிப்பினுள் ஒளிந்துகொள்ளும். மேலும் கீரையாக உண்ணும் இலையின் மீது நஞ்சைத் தெளிப்பது தகாது. அரை ஏக்கர் நிலத்தில் வீட்டுத் தேவைக்குப் பயிரிடும் ஒருவன் மருந்தும் தெளிப்பானும் வாங்குவதற்குப் பணத்திற்கு எங்கே போவான்?

தேடலும் தவறும்

நைஜீரியாவின் இபாடன் நகரில் பன்னாட்டு வெப்பமண்டல வேளாண்மை நிலையம் என்றொரு ஆராய்ச்சி நிலையம் இருக்கின்றது. ஃபோர்டு, ராக்பெல்லர் அறநிதிகளின் பொருளுதவியோடும் நைஜீரிய அரசு வழங்கிய நிலத்தோடும் 1967இல் அது தொடங்கப்பெற்றது. 1979இல் அந்நிலையத்தில் பணியேற்ற ஸ்விட்சர்லாந்து நாட்டுப் பூச்சியியலறிஞர் ஹான்ஸ் ஹெரன் என்பாரிடம் இப்பூச்சியை ஒழிக்கும் பணி ஒப்படைக்கப்பட்டது. அவர் மேற்கொண்ட எண்ணம் எளியது: இப்பூச்சி தன் தாயகத்தில் இவ்வளவு பெருகக் காணோம், எனவே அங்கே அதனை அடக்கிவைக்கும் இயற்கைப் பகை ஒன்று இருத்தல் வேண்டும், அதனைத் தேடிக் கொணர்தல் வேண்டும்.

இம்முறை நமக்கும் புதியதன்று. சப்பாத்திக்கள்ளி நம் புன்செய்களை அடைத்துக்கொண்டிருந்த காலம் முதியோர் சொல்லக் கேட்டிருக்கலாம். அதனை அழித்தது 1926இல் இலங்கையிலிருந்து சென்னை மாகாணத்திற்குக் கொண்டுவரப்பட்ட ஒரு கள்ளிப்பூச்சி.

ஆனால் தென் அமெரிக்கா பரந்த கண்டம். எந்த மூலையிலிருந்து இப்பூச்சி வந்தது என்று எவரும் அறியார். முதலில் அக்கண்டத்தின் வடபகுதியிலே தேடினர். அங்கே மரவள்ளியில் ஒரு மாவுப்பூச்சி கிடைத்தது; அதனைத் தின்னும் சிறு குளவிகளும் கிடைத்தன. வேலை முடிந்தது என்றே பலரும் மகிழ்ந்தனர். அக்குளவிகளை ஆப்பிரிக்கப் பூச்சியின் மீது விட்டுப் பார்த்தபோதோ, அவை அதில் இனம்பெருக்கவில்லை. கூர்ந்து நோக்கியபின் உண்மை தெரிந்தது: வடபகுதிப் பூச்சியில் ஆணும் பெண்ணும் உண்டு, ஆப்பிரிக்கப் பூச்சியில் பெண் மட்டுமே. கண்ணுக்கு ஒன்றாகத் தோன்றியவை இரு வேறு இனங்கள். தவறாகக் கிடைத்த அந்த இனத்திற்கு 1981இல் ஹெரன் பெயரையே சூட்டினர் என்பது சுவையான செய்தி.

இந்தப் பிழையைச் சற்று விரித்துரைப்பதற்குக் காரணம் உண்டு. நம் கிராமங்களில் வெள்ளையாகப் படிந்த பூச்சி எதுவாயினும் மாவுப்பூச்சி என்று ஒரே பெயரிட்டு, ஒரே மருந்தைத் தெளிக்கின்றோம். பூச்சியின் இனத்தைப் பிரித்தறிதல் வீண் படிப்பு என்று நினைப்போரும் உளர். இனம் அறியாமையால் அங்கே ஆண்டுகள் வீணாயின. அதற்குள் பூச்சி பல நாடுகளைக் கடந்துவிட்டது.

கொலம்பியா நாட்டின் காலி நகரில் மரவள்ளி ஆராய்ச்சிக்கென வேறொரு பன்னாட்டு மையம் இருந்தது. அதன் பூச்சியியலறிஞர் அந்தோணி பெல்லோட்டி 1981இல் பராகுவே நாட்டில் உண்மையான பூச்சியைக் கண்டுபிடித்தார். அங்கே அது தேடிப் பிடிக்க வேண்டிய அளவிற்கு அருகியிருந்தது. அவ்வளவு அரிதாக அதனை வைத்திருந்த பகைகளுள் முதன்மையானது, இன்று விஞ்ஞானிகள் அனாகைரஸ் லோபெசி என்று வழங்கும் குளவி.

இலண்டன் வழியே

குளவியைக் கண்டவுடன் ஆப்பிரிக்காவிற்கு அனுப்பிவிடவில்லை. பயனுள்ளது என்றெண்ணிக் கொண்டுவந்த உயிர் பின்னர்ப் பகையாக மாறியதும் உண்டு. கரும்பு வண்டை ஒழிக்க 1935இல் ஆஸ்திரேலியாவிற்குக் கொண்டுசென்ற தேரை இனம் வண்டை ஒழிக்கவில்லை. தானே பெருகி அந்நாட்டிற்குப் பெருந்தொல்லையாயிற்று. ஆதலின் பராகுவேயில் பிடித்த குளவிகள் முதலில் இங்கிலாந்திற்குச் சென்றன. மரவள்ளி விளையாத குளிர்நாடாகிய அங்கே, காமன்வெல்த் உயிரியல் கட்டுப்பாட்டு நிலையத்தார் அவற்றை அடைத்துவைத்துச் சோதித்தனர். தப்பிச் சென்றாலும் தீங்கில்லாத இடம் என்பதாலேயே அது தேர்ந்தெடுக்கப்பட்டது. அக்குளவிகளோடு வேறு நோயோ, குளவியையே தின்னும் வேறு ஒட்டுண்ணியோ வருகின்றதா, நன்மை செய்யும் பிற பூச்சிகளை இவை தாக்குமா என்றெல்லாம் பார்த்தபின், ஆப்பிரிக்க நாடுகளின் பயிர்ப் பாதுகாப்புக் குழுவினுடைய இசைவும் பெற்று, 1981ஆம் ஆண்டின் இறுதியில் நைஜீரியாவில் முதன்முதலாக விட்டனர்.

பராகுவேயின் வயல், கொலம்பியாவின் அறிஞர், இங்கிலாந்தின் சோதனைக்கூடம், நைஜீரியாவின் நிலையம், பன்னாட்டு வேளாண்மை வளர்ச்சி நிதியமும் ஐரோப்பிய நாடுகள் சிலவும் அளித்த பணம் ஆகிய இவற்றுள் ஒன்று குறைந்திருப்பினும் குளவி வந்திராது. ஹெரனுக்கு 1995இல் உலக உணவுப் பரிசு வழங்கப்பட்டது, தக்கதே. ஆயினும் தன் நாட்டுப் பூச்சியை விலை கேளாமல் பிறர்க்குக் கொடுத்த பராகுவேயைப் பற்றி எழுதுவோர் சிலரே என்பது இக்கட்டுரையாளரின் மனக்குறை.

குளவி செய்யும் வேலை

இக்குளவியைக் கண்டு அஞ்ச வேண்டுவதில்லை. இரண்டு மில்லிமீட்டர் அளவே உள்ள அது மனிதரைக் கொட்டாது. பூச்சி தாக்கிய மரவள்ளிச் செடியிலிருந்து ஒருவகை மணம் எழுகின்றது. அம்மணத்தை மோப்பம்பிடித்துக் குளவி வந்து சேர்கின்றது. மாவுப்பூச்சியின் உடலுள் தன் முட்டையை இடுகின்றது. முட்டையிலிருந்து வெளிவரும் புழு மாவுப்பூச்சியை உள்ளிருந்தே உண்டு வளர்கின்றது. பூச்சியின் தோல் பழுப்பேறி இறுகி, சிறு பீப்பாய் வடிவக் கூடாகிவிடும். ஏறக்குறைய மூன்று வாரத்திற்குள் அக்கூட்டில் வட்டமாகத் துளையிட்டுப் புதிய குளவி வெளிவரும். வேறு சில மாவுப்பூச்சிகளைக் குத்தி, அவற்றின் சாற்றைத் தன் உணவாகக் கொள்வதும் உண்டு.

பூச்சி மிகுந்தால் குளவியும் மிகும். பூச்சி குறைந்தால் குளவியும் குறையும். பூச்சி அடியோடு அழிவதில்லை. பயிருக்குச் சேதம் தோன்றாத அளவில் இரண்டும் தாழ்ந்து நிற்கும். பூச்சியை முற்றும் துடைத்தெறிய வேண்டும் என்று அவசரப்படும் உழவர்க்கு இது முதலில் மனநிறைவு தராது. ஆயினும் சில பூச்சிகள் எஞ்சியிருந்தால்தான் குளவிக்கும் அடுத்த தலைமுறை உண்டு.

விட்ட மூன்றாண்டுகளுக்குள் குளவி தென்மேற்கு நைஜீரியாவில் இரண்டு லட்சம் சதுர கிலோமீட்டர்ப் பரப்பில் தானாகவே பரவிற்று. எட்டாத இடங்களுக்கு விமானத்திலிருந்தும் விட்டனர். ஒவ்வொரு நாட்டு அரசும் தன் ஊழியர்களை அனுப்பிப் பயிற்சி பெறச் செய்தது. வளர்த்தல், விடுதல், பின்னர் வயல்களில் கணக்கெடுத்தல் ஆகிய மூன்றையும் அவர்கள் கற்றுத் திரும்பினர். காலப்போக்கில் இருபத்தைந்துக்கு மேற்பட்ட ஆப்பிரிக்க நாடுகளில் குளவி நிலைபெற்றது. 1988இல் இப்பணிக்கெனப் பெனின் நாட்டில் தனி மையம் அமைந்தது. அவ்வாண்டிலேயே நார்கார்டு என்ற பொருளியலறிஞர், இம்முயற்சியில் செலவிட்ட ஒவ்வொரு டாலருக்கும் 149 டாலர் அளவிற்குப் பயன் கிட்டும் எனக் கணக்கிட்டார். அப்பயனை அடைந்த குடியானவர்களுள் பெரும்பாலோர் குளவியைக் கண்ணாலும் கண்டதில்லை. ஒரு காசும் அவர்கள் செலவழிக்கவில்லை.

எங்கே பயன் குன்றியது?

எல்லா வயலிலும் ஒரேபடித்தாக வெற்றி கிட்டிற்று என்று எழுதினால் அது உண்மையாகாது. சத்தற்ற வெறும் மணல் நிலங்களில், மூடாக்கு இல்லாத வயல்களில், குளவி இருந்தும் மாவுப்பூச்சி அடங்கவில்லை. காரணத்தை ஆராய்ந்தபோது நுட்பமான ஒரு செய்தி வெளிப்பட்டது. மெலிந்த செடியில் மாவுப்பூச்சியும் சிறுத்தே வளர்கின்றது. பெரிய பூச்சியிலேதான் குளவி பெண் குஞ்சுக்குரிய முட்டையை இடும்; சிறியதில் ஆண் குஞ்சுக்குரியதையே இடும். பெண் குளவி குறைந்தால் அடுத்த தலைமுறை எங்ஙனம் பெருகும்? அவ்வயல்களில் தழைகொண்டு மூடாக்கிட்டு மண்வளத்தைப் பெருக்கியபின் குளவியின் வேலையும் செம்மைப்பட்டது. தொழுவுரமும் தழையுரமும் பயிருக்கு மட்டுமே என்றிருந்தோம். பயிரைக் காக்கும் பூச்சிக்கும் அவை வேண்டியிருக்கின்றன.

எறும்பும் ஓர் இடையூறு. மாவுப்பூச்சி சுரக்கும் இனிய நீரை விரும்பும் எறும்புகள், ஆயன் ஆட்டைக் காப்பதுபோல் பூச்சியைக் காத்துக் குளவியை விரட்டும்.

ஆசியாவிற்கு வந்த விதம்

2008இல் தாய்லாந்தில் இதே மாவுப்பூச்சி தோன்றிற்று. உலகில் மரவள்ளிப் பொருள்களை மிகுதியாக ஏற்றுமதி செய்யும் நாடு அது. பெரும் இழப்பு நேர்ந்தது. ஆனால் இம்முறை தேடலுக்கு ஆண்டுகள் வேண்டியிருக்கவில்லை. 2009இல் பெனினிலிருந்து குளவியைத் தருவித்து, வளர்த்து, நாடெங்கும் விட்டனர். முப்பது ஆண்டுகளுக்கு முன் ஒரு கண்டத்திற்கெனச் செய்த ஆராய்ச்சி மற்றொரு கண்டத்திற்கு ஆயத்தமாகக் காத்திருந்தது.

நம் நாட்டிற்கும் அவ்வாறே. பெங்களூரிலுள்ள தேசிய வேளாண் பூச்சி வள நிறுவனம் 2021இல் பெனினிலிருந்து குளவியைப் பெற்று, அடைத்துவைத்துச் சோதித்து, அதன்பின்னரே ஏத்தாப்பூருக்கு அளித்தது. இதற்கு முன்பே 2008இல் கோயம்புத்தூரில் பப்பாளி மாவுப்பூச்சி தோன்றி, பப்பாளி, மல்பெரி, மரவள்ளி ஆகியவற்றைப் பாழாக்கியபோதும், 2010இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து வேறு குளவிகள் கொண்டுவரப்பட்டு அது அடக்கப்பட்டதை நம் உழவர் பலர் நினைவில் வைத்திருப்பர். அக்குளவி இப்பூச்சிக்கு உதவாது. இக்குளவி அப்பூச்சிக்கு உதவாது. இரண்டையும் பிரித்தறிதல் கடினமன்று. மெழுகுத்தூளைத் துடைத்துவிட்டுப் பார்த்தால் பப்பாளி மாவுப்பூச்சி மஞ்சளாகவும், மரவள்ளி மாவுப்பூச்சி இளஞ்சிவப்பாகவும் இருக்கும்.

பஞ்சாயத்துகள் செய்யத்தக்கவை

பன்னாட்டு நிலையமும் நடுவண் நிறுவனமும் குளவியைக் கொண்டுவந்து தரலாம். அது ஊரில் உயிரோடு இருப்பதும் இறப்பதும் ஊராரிடமே உள்ளது. பக்கத்துத் தோட்டத்தில் ஒருவர் குளவியை விட்டிருக்க, காற்று வீசும் பக்கத்திலிருந்து மற்றொருவர் கடும் பூச்சிமருந்தைத் தெளித்தால் குளவியே முதலில் மடியும். மெழுகுப் போர்வையுள் இருக்கும் மாவுப்பூச்சி பிழைத்துக்கொள்ளும். ஆதலின் இது தனி உழவர் ஒருவர் முடிவு செய்யும் காரியமன்று. மரவள்ளி பயிரிடுவோரைக் கிராமசபையில் ஒருங்கே அழைத்து, எந்தத் தோட்டங்களில் எவ்வளவு காலம் மருந்து தெளிப்பதில்லை என்று பேசி முடிவு செய்தல் நன்று. அக்கூட்டத்திற்கு வேளாண்மை அலுவலரையும் அழைக்கலாம்.

நடவுக் குச்சியே பூச்சியின் வண்டி. பூச்சி கண்ட தோட்டத்துக் குச்சிகளை வெளியூருக்கு விற்பதும், வெளியூரிலிருந்து பார்வையிடாமல் வாங்குவதும் ஊருக்குக் கேடு. குச்சி ஏற்றிய வண்டி ஊருக்குள் வரும்போது நான்கு கட்டுகளை அவிழ்த்துக் கணுக்களைப் பார்க்கும் பொறுப்பை அனுபவமுள்ள இரண்டு உழவரிடம் பஞ்சாயத்து ஒப்படைக்கலாம். வெளிநாட்டிலிருந்து விதைக் குச்சியை அனுமதியின்றிக் கொண்டுவருவது சட்டப்படி குற்றம்.

குளவி தம் ஊருக்கு வந்துவிட்டதா என்று அறிய விரும்புவோர் பள்ளிப் பிள்ளைகளைக் கொண்டே சோதிக்கலாம். மாவுப்பூச்சி படிந்த பத்துக் குருத்துகளை ஒடித்து, அகன்ற வாயுள்ள கண்ணாடிக் குப்பியிலிட்டு, வாயை நெருக்கமான துணியால் கட்டி, வெயில் படாத இடத்தில் மூன்று வாரம் வைக்கவேண்டும். குப்பியின் மேற்புறத்தில் சிறு கருங்குளவிகள் திரியக் கண்டால், அவற்றுள் சிலவற்றை வேளாண்மை ஆராய்ச்சி நிலையத்திற்கு அனுப்பி இனத்தைக் கேட்டறிக. எஞ்சியவற்றைக் குருத்து ஒடித்த தோட்டத்திற்கே எடுத்துச் சென்று, மாலை வேளையில் துணியை அவிழ்த்து விடுக.